சில நூறு ஸ்பானியர்கள் இரண்டு பேரரசுகளை வீழ்த்தியது எப்படி?

2019 மார்ச்சில் மெக்சிகோவின் அப்போதைய அதிபர் ஆந்த்ரேஸ் மனுவேல் லோபெஸ் ஒப்ரதோர், ஸ்பெயின் மன்னர் ஆறாம் பெலிப்பேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 500 ஆண்டுகளுக்கு முந்தைய படையெடுப்பில் பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்கு ஸ்பெயின் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். ஸ்பெயின் அரசு மறுத்துவிட்டது. 2024 அக்டோபரில் கிளாவ்தியா ஷெயின்பாம் அதிபராகப் பதவியேற்றபோது, அந்தக் கடிதத்துக்கு மன்னர் பதில் தரவில்லை என்று சொல்லி அவருக்கு அழைப்பே அனுப்பவில்லை. 2025 அக்டோபர் கடைசியில்தான் ஸ்பெயினின் வெளியுறவு அமைச்சர், மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, பூர்வகுடிகளுக்கு அநீதி நடந்ததை ஒப்புக்கொண்டு பேசினார்.

இந்தச் சர்ச்சை செய்தியில் வரும்போதெல்லாம் பலருக்கும் ஒரு குழப்பம் எழுகிறது. பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது ரொம்பச் சுருக்கம். கப்பலில் சில நூறு பேர் வந்தார்கள், துப்பாக்கியும் குதிரையும் வைத்திருந்தார்கள், அவர்களைக் கடவுள் என்று நம்பி மக்கள் அடிபணிந்தார்கள், பேரரசுகள் முடிந்துபோயின. லட்சக்கணக்கான மக்களைக் கொண்ட அரசுகள் இப்படி விழுமா என்ற சந்தேகம் வருவது நியாயம்தான். உண்மையில் அவை அப்படி விழவில்லை. போர்க்களத்தில் பெரும்பங்கு பூர்வகுடிப் படைகளுடையது. வெற்றியின் பலனை எடுத்துக்கொண்டது ஸ்பெயின். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் யார் எதற்குப் பொறுப்பு என்ற கேள்விக்கே பதில் கிடைக்கும்.

முதலில், யார் இந்த மக்கள்?

அஸ்டெக், மாயா, இன்கா என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். மூன்றும் வேறு வேறு நிலம், வேறு வேறு மொழி, வேறு வேறு காலம்.

1. மாயா: தெற்கு மெக்சிகோ, குவாதமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் பகுதிகளில் இருந்த பல நகர அரசுகள். ஒற்றைப் பேரரசாக இவர்கள் ஒருபோதும் இருந்ததில்லை. திக்கால், பலேங்கே, கொப்பான் போன்ற நகரங்கள் கி.பி. 900 வாக்கிலேயே கைவிடப்பட்டுவிட்டன. ஸ்பானியர் வந்தபோது யுகாத்தான் தீபகற்பத்திலும் குவாதமாலா மலைகளிலும் மாயா அரசுகள் உயிரோடு இருந்தன.

2. அஸ்டெக்: மத்திய மெக்சிகோவில் நவாத்தில் மொழி பேசியவர்கள். தங்களை மெக்சிகா என்று அழைத்துக்கொண்டார்கள். 1325 வாக்கில் டெக்ஸ்கோகோ ஏரியின் தீவு ஒன்றில் டெனோச்டிட்லான் நகரை நிறுவினார்கள். இன்றைய மெக்சிகோ நகரம் அதன் மேல்தான் நிற்கிறது.

3. இன்கா: தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுக, குஸ்கோவைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள். நாட்டின் பெயர் தவாந்தின்சூயு. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் பச்சகுத்தி என்ற அரசன் காலத்தில் விரிவடையத் தொடங்கி, நூறு ஆண்டுக்குள் இன்றைய கொலம்பியாவின் தென்கோடியிலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை பரவியது.

இவர்களுக்கு முன்னும் பலர் இருந்தார்கள். பெருவின் காரல் நகரம் எகிப்தியப் பிரமிடுகளின் காலத்தைச் சேர்ந்தது. மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஒல்மெக்குகள், மத்திய மெக்சிகோவில் தியோதிவாகான், பெருவின் வட கடற்கரையில் மோச்சே, பிறகு சிமூ என்று ஒரு நீண்ட வரிசையே உண்டு. அஸ்டெக்கும் இன்காவும் அந்த வரிசையில் கடைசியாக வந்த இளம் அரசுகள். ஸ்பானியர் வந்தபோது அஸ்டெக் பேரரசுக்கு வயது நூறுகூட ஆகவில்லை. இந்த இளமை பின்னால் வரும் கதைக்கு முக்கியம்.

ஏரிக்கு நடுவில் ஒரு தலைநகரம்

டெனோச்டிட்லானில் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்ததாகப் பல ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அன்றைய ஐரோப்பாவில் அந்த அளவு நகரங்கள் மிகச் சில. அத்தனை பேருக்குச் சோறு போட்டதில் சினாம்பா என்ற வேளாண் முறைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆழமில்லாத ஏரியில் நீள்சதுரமாக இடம் குறித்து, நாணலையும் செடிகொடிகளையும் பரப்பி, அடியிலிருக்கும் சேற்றை வாரி மேலே கொட்டி மேடாக்குவார்கள். கரை சரியாமல் இருக்க ஓரத்தில் ஒரு வகை வில்லோ மரத்தை நடுவார்கள். மேடுகளுக்கு இடையில் ஓடம் போகிற அளவுக்குக் கால்வாய். வேருக்கு எப்போதும் ஈரம், உரத்துக்கு ஏரிச் சேறு. ஆண்டுக்குப் பல போகம் எடுக்க முடிந்தது. மெக்சிகோ நகரின் தெற்கே சோச்சிமில்கோவில் இந்தத் தோட்டங்களை இன்றும் பார்க்கலாம்.

ஏரியின் ஒரு பகுதி உப்புத் தண்ணீர். அது நன்னீர்ப் பக்கம் கலக்காமல் இருக்க நெடிய அணை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். குடிநீர் சபுல்தெபெக் குன்றின் ஊற்றிலிருந்து கால்வாய்ப் பாலம் வழியாக நகருக்கு வந்தது. கரையையும் தீவையும் அகன்ற சாலைகள் இணைத்தன. நுணுக்கமான ஏற்பாடுதான். ஆனால் முற்றுகையிட வருகிறவன் எதை உடைத்தால் நகரம் தவிக்கும் என்பதும் இதிலேயே தெரிகிறது.

இதே நகரத்தின் பெரிய கோயிலில் நரபலி நடந்தது. ஸ்பானியர்கள் அதைப் பெரிதுபடுத்தி எழுதினார்கள், எண்ணிக்கையை ஊதினார்கள். ஆனாலும் நடந்தது நடந்ததுதான். கோயில் அருகே நடக்கும் அகழாய்வில் மண்டையோட்டு வரிசைகள் கிடைத்திருக்கின்றன. பலியானவர்களில் பலர் போரில் பிடிபட்ட அண்டை நாட்டவர்கள். அந்த அண்டை நாட்டவர்களுக்கு மெக்சிகா மீது என்ன உணர்வு இருந்திருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பேரரசு என்றால் எந்த மாதிரி பேரரசு?

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. 1428இல் டெனோச்டிட்லான், டெக்ஸ்கோகோ, திலாகோபான் என்ற மூன்று நகர அரசுகள் கூட்டணி அமைத்தன. அஸ்டெக் பேரரசு என்று நாம் சொல்வது இந்தக் கூட்டணியைத்தான். தோற்ற நாடுகளை அது நேரடியாக ஆளவில்லை. உள்ளூர் அரசன் பெரும்பாலும் அங்கேயே இருப்பான், உள்ளூர்த் தெய்வம் இருக்கும், கப்பம் மட்டும் தவறாமல் வந்துசேர வேண்டும். பருத்தித் துணி, கொக்கோ, மிளகாய், பறவை இறகு, போர் உடை என்று எந்த ஊர் என்ன கட்ட வேண்டும் என்பது பட்டியலாகவே இருந்தது. படையெடுப்புக்குப் பிறகு வரைந்த சித்திரச் சுவடிகளில் அந்தக் கணக்குகளை இன்றும் பார்க்க முடிகிறது.

செலவில்லாத ஆட்சிமுறை. அதில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. அடங்கிய ஒவ்வொரு ஊருக்கும் சொந்த அரசன், சொந்தப் படை, சொந்தக் கோபம் இருந்தன. மேலிடம் தளர்ந்தால் மறுநாளே கட்சி மாறலாம்.

அடங்காத நாடும் ஒன்று இருந்தது: திலாஸ்கலா. நாலா பக்கமும் மெக்சிகாவின் ஆதிக்கம் சூழ்ந்ததால் அவர்களுக்கு உப்பும் பருத்தியும் வருவது நின்றுபோனது. பல ஆண்டுகள் உப்பில்லாமலே சாப்பிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்த மக்கள் அவர்கள்.

1519 முதல் 1521 வரை: நடந்த வரிசை

மெக்சிகோவுக்கு ஸ்பானியர்களை நடத்தி வந்த எர்னான் கோர்ட்டெஸ் மன்னரின் படைத்தளபதி அல்ல. கியூபாவின் ஆளுநர் வெலாஸ்கெஸ் கடைசி நேரத்தில் பயணத்தைத் தடுக்கப் பார்த்தும் கேட்காமல், 11 கப்பல்கள், சுமார் 500 போர்வீரர்கள், 16 குதிரைகளுடன் கிளம்பியவர். அவருடைய ஆட்களில் பலர் லாபத்தில் பங்குக்காக வந்தவர்கள்.

1. மொழிபெயர்ப்பு கிடைத்தது. 1511இல் கப்பல் உடைந்து மாயாக்களிடம் சிக்கியிருந்த அகிலார் என்ற ஸ்பானியர் மாயா மொழி கற்றிருந்தார். தபாஸ்கோவில் தோற்ற மாயாக்கள் கொடுத்த 20 பெண்களில் ஒருவரான மலிண்ட்சின், மாயா மொழியும் நவாத்தில் மொழியும் பேசினார். அடிமையாகக் கைமாறிக் கைமாறி வந்த அந்த இளம்பெண் இல்லையென்றால் கோர்ட்டெஸால் யாரோடும் பேரம் பேசியிருக்க முடியாது. அவரைத் துரோகி என்று பிற்கால மெக்சிகோ திட்டியது எனக்கு அநியாயமாகவே படுகிறது. அவர் மெக்சிகா இனத்தவரே அல்ல; அவர்களுக்கு அவர் எந்த விசுவாசமும் கடன்பட்டிருக்கவில்லை.

2. கூட்டாளிகள் கிடைத்தார்கள். கடற்கரையில் டோடோனாக் மக்கள் முதலில் சேர்ந்தார்கள். திலாஸ்கலா செப்டம்பர் 1519இல் ஸ்பானியரோடு கடுமையாக மோதியது. பிறகு அதன் தலைவர்கள் ஆலோசித்து, இந்த அந்நியர்களை அழிப்பதைவிட மெக்சிகாவுக்கு எதிராகப் பயன்படுத்திக்கொள்வது நல்லது என்று முடிவெடுத்தார்கள். நவம்பர் 8 அன்று கோர்ட்டெஸ் டெனோச்டிட்லானுக்குள் நுழைந்தபோது ஆயிரக்கணக்கான திலாஸ்கலா வீரர்கள் கூடவே வந்தார்கள்.

3. முதல் முயற்சி தோற்றது. அரசர் மொக்டெசுமாவைச் சிறைவைத்து ஆளப் பார்த்தார்கள். 1520 மே மாதம், கோர்ட்டெஸ் ஊரில் இல்லாதபோது, அவருடைய துணைத்தளபதி அல்வராதோ கோயில் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்த நிராயுதபாணிகளை வெட்டிக் கொன்றார். நகரம் கொந்தளித்தது. மொக்டெசுமா இறந்தார். ஜூன் 30 இரவு தப்பியோடியபோது நூற்றுக்கணக்கான ஸ்பானியர்களும் அதைவிட அதிகமான கூட்டாளிகளும் செத்தார்கள். கதை அன்றோடு முடிந்திருக்க வேண்டியது. முடியாததற்குக் காரணம், காயத்தோடு வந்தவர்களைத் திலாஸ்கலா கைவிடாமல் ஏற்றுக்கொண்டது. சமாதானம் பேச மெக்சிகா அனுப்பிய தூதர்களையும் அது திருப்பி அனுப்பியது.

4. இரண்டாம் முயற்சி வேறு அளவில் நடந்தது. ஏரியைப் பிடிக்கத் திலாஸ்கலாவில் 13 சிறு கப்பல்கள் செய்து, துண்டு துண்டாகப் பிரித்து, ஆயிரக்கணக்கான உள்ளூர்ச் சுமையாட்கள் தலையிலும் தோளிலும் மலை தாண்டித் தூக்கி வந்து டெக்ஸ்கோகோவில் கோர்த்தார்கள். டெக்ஸ்கோகோ, மூன்று நகரக் கூட்டணியின் இரண்டாவது பெரிய பங்காளி. அதன் அரச குடும்பத்தில் ஒரு பிரிவே கட்சி மாறியிருந்தது. 1521 மே மாதம் முற்றுகை தொடங்கியது. சபுல்தெபெக் தண்ணீர் வெட்டப்பட்டது. ஸ்பானியர்கள் ஏறக்குறைய 900 பேர். கூட்டாளிப் படை பல்லாயிரம். ஆகஸ்ட் 13 அன்று கடைசி அரசர் குவாவ்தெமோக் பிடிபட்டார்.

இந்த எண்களைப் பார்த்தபிறகு, இதை ஸ்பானியர்களின் வெற்றி என்று மட்டும் சொல்ல எனக்கு வரவில்லை. திலாஸ்கலர்கள் அன்று இதைத் தங்கள் வெற்றி என்றே நினைத்தார்கள். பிற்காலத்தில் அவர்கள் வரைந்த ஓவியங்களில் முன்வரிசையில் சண்டை போடுகிறவர்கள் அவர்களேதான்.

துப்பாக்கியும் 'கடவுள்' கதையும்

கோர்ட்டெஸிடம் புறப்படும்போது இருந்த கைத்துப்பாக்கிகள் 13. ஒரு முறை சுட்டு மறுபடி மருந்து அடைக்க நேரம் பிடிக்கும். உண்மையில் உதவியது எஃகு வாள், குதிரை, ஏரியில் அந்தக் கப்பல்கள். வெயிலில் இரும்புக் கவசம் தாங்காமல் உள்ளூர்ப் பருத்திக் கவசத்துக்கே பல ஸ்பானியர்கள் மாறினார்கள்.

கோர்ட்டெஸைத் திரும்பி வந்த கெத்சால்கோவாத்தில் என்ற தெய்வமாக மொக்டெசுமா நம்பினார் என்ற கதை, சம்பவம் நடந்து பல பத்தாண்டுகள் கழித்து எழுதியவற்றில்தான் இடம்பெறுகிறது. கோர்ட்டெஸ் தன் மன்னருக்கு எழுதிய கடிதங்களில் அந்தத் தெய்வத்தின் பெயரே கிடையாது. தோற்றவர்களை அப்பாவிகளாகக் காட்ட வசதியான கதை என்பதால் அது நிலைத்துவிட்டது.

இன்கா: வேறு மலை, அதே சூத்திரம்

இன்கா அரசு அஸ்டெக்கைவிட இறுக்கமானது. 30,000 கிலோமீட்டருக்கு மேல் சாலைகள், களஞ்சியங்கள், அஞ்சல் ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். எழுத்து கிடையாது, கணக்குக்குக் கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகள். ஆனால் ஸ்பானியப் படைத்தலைவர் பிரான்சிஸ்கோ பிசாரோ வந்த நேரம் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்த நேரம். அரசர் ஹுவாய்னா கபாக் 1520களில் நோயால் இறந்தார். அது பெரியம்மையாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. மகன்கள் ஹுவாஸ்கரும் அதாவல்பாவும் மோதிக்கொண்டதில் அதாவல்பா வென்றார், நாடு இரண்டாகப் பிளந்தது.

1532 நவம்பர் 16 அன்று பெருவின் காஹாமர்கா நகரச் சதுக்கத்தில் பிசாரோவின் படையினர் 168 பேர் பதுங்கியிருந்து, பெரும்பாலும் ஆயுதமில்லாமல் வந்த அதாவல்பாவின் பரிவாரத்தைத் தாக்கி அவரைப் பிடித்தார்கள். விடுதலைக்கு ஓர் அறை நிறையத் தங்கம், இரண்டு மடங்கு வெள்ளி என்று பேச்சு. சுமார் 6 டன் தங்கமும் 11 டன்னுக்கு மேல் வெள்ளியும் வந்து சேர்ந்தன. சிலைகளும் பாத்திரங்களும் கோயில் தகடுகளும் உலையில் உருகிக் கட்டிகளாயின. ஒரு பெரும் நாகரிகத்தின் பொற்கொல்லர் கலை அந்த உலைகளோடு போனது. பணயத்தை வாங்கிக்கொண்டு 1533 ஜூலையில் அதாவல்பாவைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

இங்கேயும் குஸ்கோ மீது வெறுப்புக் கொண்ட மக்கள் ஸ்பானியர் பக்கம் சேர்ந்தார்கள். அவர்களில் ஹுவாங்கா மக்களின் விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பிசாரோ படைக்குத் தாங்கள் கொடுத்த ஆட்கள், லாமா என்ற சுமை விலங்குகள், சோளம், துணி, செருப்பு எல்லாவற்றையும் ஆண்டுவாரியாகக் கிப்புவில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து லீமா நீதிமன்றத்தில் அந்தக் கயிறுகளைக் கொண்டுபோய்ப் பிரித்து, வரிசையாகப் படித்துக் காட்டி, உரிய பலன் கேட்டார்கள். தாங்கள் சமமான கூட்டாளிகள் என்று அவர்கள் எவ்வளவு உறுதியாக நம்பினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நோய் செய்த வேலை

அமெரிக்க மக்கள் பல்லாயிரம் ஆண்டுகள் பிற கண்டங்களிலிருந்து பிரிந்து வாழ்ந்தவர்கள். பெரியம்மை, தட்டம்மை போன்றவை அங்கே இருந்ததே இல்லை. அதனால் யாருக்கும் எதிர்ப்புச் சக்தி கிடையாது. ஊரே ஒரே நேரத்தில் படுத்துவிடும், தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

1520இல் பெரியம்மை மெக்சிகோவுக்குள் வந்தது. மொக்டெசுமாவுக்கு அடுத்த அரசர் குயித்லாவாக் சுமார் 80 நாள் ஆட்சியிலேயே அதில் இறந்தார். அப்புறம் 1545லும் 1576லும் கொகோலிஸ்திலி என்ற கொள்ளைநோய்கள். 1545 நோயில் இறந்தவர்களின் பற்களிலிருந்து எடுத்த மரபணுவில் ஒரு வகை சால்மொனெல்லா கிருமி இருந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. நூறு ஆண்டுக்குள் மத்திய மெக்சிகோவின் மக்கள்தொகை 80 முதல் 90 சதவீதம் வரை குறைந்ததாகப் பல மதிப்பீடுகள் சொல்கின்றன.

நோயைச் சொல்லி ஸ்பெயினை விடுவிக்கிற வாதம் ஒன்று உண்டு. கிருமி யார் பேச்சையும் கேட்காது என்பது சரி. ஆனால் கொள்ளைநோய்க்குப் பிறகு மக்கள்தொகை மீண்டெழும். 14ஆம் நூற்றாண்டு பிளேக்குக்குப் பிறகு ஐரோப்பா மீண்டது. அமெரிக்காவில் மீள விடாமல் தடுத்தது அதற்குப் பிறகு வந்த ஆட்சி.

வெற்றிக்குப் பிறகு வந்த ஆட்சி

இரண்டு ஏற்பாடுகளைப் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது என்கோமியெண்டா. ஒரு பகுதியின் மக்கள் கட்டும் கப்பத்தையும் அவர்கள் உழைப்பையும் ஒரு ஸ்பானியருக்கு ஒப்படைப்பது. பதிலுக்கு அவர் அவர்களைக் காத்து, கிறிஸ்தவம் கற்பிக்க வேண்டும். காகிதத்தில் காவல், நடப்பில் அடிமைத்தனம். பார்த்தொலொமே தெ லாஸ் கசாஸ் என்ற பாதிரியார் பல பத்தாண்டுகள் இதை எதிர்த்தார். 1542இல் மன்னர் இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டதும் பெருவின் ஸ்பானியர்கள் கலகம் செய்து, சட்டத்தைக் கொண்டுவந்த அரசப் பிரதிநிதியையே 1546இல் கொன்றார்கள்.

இரண்டாவது மிட்டா. இன்கா காலத்தில் குடும்பங்கள் முறைவைத்துச் சாலை போடவும் வயலில் வேலை செய்யவும் போவார்கள்; அரசு உணவும் பானமும் கொடுக்கும், பஞ்சத்தில் களஞ்சியம் திறக்கும். 1570களில் அரசப் பிரதிநிதி தொலேதோ பெயரை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றினார். இன்றைய பொலிவியாவில் 4,000 மீட்டர் உயரத்திலுள்ள பொத்தோசி வெள்ளிமலைக்கு, குறித்த மாகாணங்களின் ஆண்களில் ஏழில் ஒரு பங்கு ஆண்டுதோறும் போக வேண்டும். ஏறக்குறைய 13,000 பேர். சுரங்கத்தில் தாதுவைப் போர்வையில் கட்டி முதுகில் சுமந்து தோல் ஏணிகளில் ஏறுவார்கள். முன்னால் ஏறுகிறவரின் கட்டைவிரலில் மெழுகுவர்த்தி கட்டியிருக்கும். வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் பயன்பட்டது, அந்த நச்சு வேறு. கட்டாயத்துக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடினார்கள். 1812 வரை சட்டப்படி நீடித்த முறை இது.

கூட்டாளிகளுக்கும் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. திலாஸ்கலாவுக்குச் சில சலுகைகள் கிடைத்தன, ஆனால் அதன் மக்களும் நோயில் செத்தார்கள்; 1591இல் 400 குடும்பங்களை வடக்கு எல்லைக்குக் குடியேற அனுப்பினார்கள். யுகாத்தானில் 1562இல் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயாக்களின் ஏடுகளைக் கொளுத்தினார். உலகத்தில் இன்று மிஞ்சியிருக்கும் மாயா ஏடுகள் நான்கே.

அப்படியானால் மன்னிப்புக் கேள்வி?

பூர்வகுடிகளே சேர்ந்துதானே வீழ்த்தினார்கள், ஸ்பெயின் மேல் என்ன குற்றம் என்று கேட்கிறவர்கள் 1521ஐ மட்டும் பார்க்கிறார்கள். பழைய பகையைத் தீர்க்கத் திலாஸ்கலர் எடுத்தது ஓர் அரசியல் முடிவு. என்கோமியெண்டாவும் மிட்டாவும் ஏடு எரிப்பும் அவர்கள் எடுத்த முடிவுகள் அல்ல. ஸ்பெயினின் பொறுப்பு போர்க்களத்தைவிட அதற்குப் பிந்தைய மூன்று நூற்றாண்டு நிர்வாகத்தில்தான் கனமாக இருக்கிறது.

எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடவும் இல்லை. இன்காக்களின் கடைசி அரசு வில்கபாம்பா மலைக்காட்டில் 1572 வரை தாக்குப்பிடித்தது. குவாதமாலாவின் ஏரித் தீவில் இருந்த நோஹ்பெத்தென் என்ற மாயா தலைநகர் 1697இல்தான் விழுந்தது. டெனோச்டிட்லான் விழுந்து 176 ஆண்டுகள் கழித்து. நவாத்தில் மொழியை இன்று 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள். இன்காக்களின் மொழியான கெச்சுவாவைப் பேசுகிறவர்கள் பெருவில் மட்டும் 37 லட்சத்துக்கு மேல்.

1821இல் மெக்சிகோ விடுதலை பெற்ற பிறகும் இந்த மக்களின் நிலம் பறிபோவது நிற்கவில்லை. 1847இல் யுகாத்தான் மாயாக்கள் கிளர்ந்தெழுந்த போர் அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது; அப்போது அவர்களை ஒடுக்கியது மெக்சிகோ ராணுவம். 2021 மே 3 அன்று கிண்டானா ரூ மாநிலத்தில் மெக்சிகோ அரசு இதற்காக மாயா மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வடக்கே யாகி மக்களிடமும் கேட்டது. யாகி மக்களிடம் மன்னிப்போடு சேர்த்து நிலத்தையும் தண்ணீரையும் திருப்பித் தரும் திட்டத்தையும் முன்வைத்தார்கள். மாட்ரிட்டிடம் கேட்கும் மன்னிப்பில் இதுவரை அப்படி எதுவும் பேசப்படவில்லை.